மதிப்பெண்ணும் விலையும்: அரசுக் கொள்முதலில் முன்மொழிவுக் கோரிக்கை

அரசு எதை வாங்கினாலும், வாங்கப்படுவது இன்னதென்று முன்கூட்டியே முழுமையாக எழுதிவைக்க முடியுமா, முடியாதா என்பதைப் பொறுத்தே வாங்கும் முறை அமைகிறது. 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையை வாங்குவதானால், அதில் மருந்து எவ்வளவு இருக்க வேண்டும், எவ்வளவு நேரத்தில் கரைய வேண்டும், எப்படி உறையிடப்பட வேண்டும் என்பவற்றுக்கெல்லாம் ஏற்கெனவே தரநிர்ணயம் உண்டு. 1994-இல் தொடங்கப்பட்டு மறு ஆண்டில் கொள்முதலில் இறங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இந்த வகைக் கொள்முதலுக்கு இந்தியாவிலேயே முன்மாதிரியாகக் கருதப்படுகிறது. தகுதிச் சான்றுகள் ஓர் உறையிலும் விலை மற்றோர் உறையிலுமாகப் பெறப்படுகின்றன. தகுதியுள்ளோருள் குறைந்த விலை சொன்னவரின் விலையே அடிப்படையாகிறது. சரக்கு வந்து சேர்ந்த பின் மாதிரிகள், தயாரித்த நிறுவனத்தின் பெயர் மறைக்கப்பட்டு, குறியீட்டு எண்ணுடன் ஆய்வுக்கூடங்களுக்குப் போகின்றன. கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் இதே வழியில் கழகங்களை அமைத்துக்கொண்டன. இங்கே விலை ஒன்றே முடிவைத் தீர்மானிப்பதில் தவறேதும் இல்லை, ஏனெனில் விலையைத் தவிர்த்த மற்ற அனைத்தும் எழுத்தில் கட்டுப்பட்டுவிட்டன.

ஒரு மாநகரின் மழைநீர் வடிகாலுக்கான திட்ட ஆய்வு, மருத்துவமனைகளின் நோயாளர் பதிவுகளை இணைக்கும் மென்பொருள், ஒரு பாலத்தின் வடிவமைப்பு, ஒரு நலத்திட்டத்தின் விளைவை அளக்கும் மதிப்பாய்வு போன்றவற்றுக்கு அத்தகைய தரநிர்ணய நூல் கிடையாது. வாங்கப்படுவது பொருளாக இல்லாமல் திறமையாகவும் உழைப்பாகவும் இருப்பதால், அதை எப்படிச் செய்வது என்பதை வாங்கும் துறையைவிட விற்கும் நிறுவனமே நன்றாக அறிந்திருக்கக்கூடும். ஆகவே துறை தன் சிக்கலையும், தனக்குக் கிடைக்க வேண்டிய பயனையும், கால எல்லையையும் சொல்லி, அதை எந்த முறையில், எந்த வல்லுநர்களைக் கொண்டு, என்ன விலைக்குச் செய்து தர இயலும் என்று நிறுவனங்களைக் கேட்கிறது. அப்படிக் கேட்கும் ஆவணமே முன்மொழிவுக் கோரிக்கை. அலுவலக வழக்கில் ஆர்.எஃப்.பி. எனப்படுவது இதுவே. வழக்கமான ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு விலையைக் கேட்கிறது என்றால், முன்மொழிவுக் கோரிக்கை விடையையும் விலையையும் சேர்த்துக் கேட்கிறது. வந்து சேரும் விடைகள் ஒன்றுபோல் இருக்கமாட்டா என்பதால் அவற்றுக்கு மதிப்பெண் இட வேண்டியிருக்கிறது. மதிப்பெண் இடுவதற்கு அளவுகோலும், அளவுகோலை முன்னரே வகுப்பதற்கு ஓர் அதிகாரியும் வேண்டியிருக்கிறது.

பொதுமக்களின் கவனமும் செய்தித்தாள்களின் கவனமும் பெரும்பாலும் உறைகள் திறக்கப்படும் நாளிலும் ஒப்பந்தம் யாருக்குப் போனது என்பதிலுமே நிலைகொள்கின்றன. கணக்குத் தணிக்கையும் அங்கிருந்துதான் பெரும்பாலும் பின்னோக்கி நடக்கிறது. ஆயினும் முன்மொழிவுக் கோரிக்கை வழியான கொள்முதலில் உண்மையான விருப்புரிமை முழுவதும் ஆவணம் எழுதப்படும் மேசையிலேயே செலவழிந்துவிடுகிறது. தகுதி நிபந்தனையை எங்கே நிறுத்துவது, எதற்கு எத்தனை மதிப்பெண், தரத்துக்கும் விலைக்கும் என்ன விகிதம் என்ற மூன்றும் தீர்மானிக்கப்பட்ட பிறகு, மதிப்பீட்டுக் குழுவுக்கு எஞ்சுவது சற்றேறக்குறைய எண்கணிதமே. அந்த மேசையில் யாரும் உட்கார்ந்து யோசிக்காமல், முந்தைய ஆண்டின் ஆவணத்திலிருந்து துறையின் பெயரை மட்டும் மாற்றி எடுத்துக்கொள்வது நம் நாட்டில் அரிதான நிகழ்வன்று; சாலை ஆய்வுக்கான ஆவணத்தில் மருத்துவமனை பற்றிய பத்தி ஒன்று தப்பி நிற்பதைக் கண்டு சிரித்தவர்கள் எல்லாத் துறைகளிலும் உண்டு.

இந்தியாவில் கொள்முதலுக்கென நாடு முழுமைக்குமான தனிச் சட்டம் இல்லை. 2012-இல் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட பொதுக் கொள்முதல் மசோதா நிறைவேறாமலே காலாவதியானது. அரசியலமைப்பின் 299-ஆம் கூறு, அரசின் ஒப்பந்தங்கள் குடியரசுத் தலைவர் அல்லது ஆளுநரின் பெயரில் செய்யப்பட வேண்டும் என்ற வடிவத்தைச் சொல்கிறதே தவிர, யாரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைச் சொல்வதில்லை. அந்த இடத்தை ஒன்றிய அரசில் பொது நிதி விதிகள் நிரப்புகின்றன. 1963, 2005 ஆகிய ஆண்டுகளில் திருத்தியமைக்கப்பட்ட அவ்விதிகளின் இன்றைய வடிவம் 2017-இல் வந்தது. மாநிலங்களைப் பொறுத்தவரை தமிழ்நாடு முந்திக்கொண்டது. ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கான 1998-ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்கீழ் வகுக்கப்பட்ட 2000-ஆம் ஆண்டு விதிகளும், அதுவரை அரசாணைகளாகவும் சுற்றறிக்கைகளாகவும் சிதறிக்கிடந்தவற்றைச் சட்டத்தின் வலிமையோடு ஒன்றுசேர்த்தன. கர்நாடகம் 1999-இலும் ராஜஸ்தான் 2012-இலும் தமக்கான சட்டங்களை இயற்றின. இச்சட்டங்களுக்குள் நுழைந்து பார்ப்பவர் ஒன்றைக் கவனிக்கலாம்: அறிவிப்பு, கால அவகாசம், உறை திறப்பு, ஏற்பு, மேல்முறையீடு ஆகியவை பற்றி விரிவாகப் பேசும் விதிகள், தேவையை எப்படி வரையறுப்பது என்பது பற்றிச் சுருக்கமாகவே பேசுகின்றன. நடைமுறையைச் சட்டம் ஒழுங்குபடுத்த முடியும். யோசிப்பதை ஒழுங்குபடுத்த அதற்கு வழியில்லை.

பொது நிதி விதிகள் 2017 ஆலோசனைப் பணிகளுக்கென ஒரு தனிப் பகுதியை ஒதுக்கி, முன்மொழிவுக் கோரிக்கையில் இருக்க வேண்டியவற்றைப் பட்டியலிடுகின்றன. அழைப்புக் கடிதம், பங்கேற்போருக்கான அறிவுரைகள், பணி வரையறை, தகுதி நிபந்தனைகள், எந்தெந்தப் பொறுப்புகளில் இருக்கும் வல்லுநர்களின் தன்விவரக் குறிப்பு வேண்டும் என்ற பட்டியல், மதிப்பீட்டு அளவுகோல்களும் தேர்வு முறையும், தொழில்நுட்ப முன்மொழிவுக்கும் விலை முன்மொழிவுக்குமான படிவங்கள், கையெழுத்தாக இருக்கும் ஒப்பந்தத்தின் வரைவு, பணியின் இடையே முன்னேற்றத்தை ஆய்வு செய்யும் முறை ஆகியவை அதில் அடங்கும். 25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பணிகளில் இதற்கு முன்படியாக விருப்பம் தெரிவிக்கும் அழைப்பு வெளியிடப்படுகிறது. அதற்கு விடையளித்தவர்களுள் தகுதியானவர்களைச் சுருக்கப் பட்டியலிட்டு, அவர்களுக்கு மட்டும் முழு ஆவணம் அனுப்பப்படுகிறது. அந்தப் பட்டியலில் மூவருக்குக் குறையக் கூடாது என்பது விதி.

இப்பட்டியலில் பணி வரையறைதான் உயிர்நிலை. பணியின் பின்னணி, நோக்கம், எல்லை, ஒப்படைக்க வேண்டிய அறிக்கைகள், கால அட்டவணை, துறை தன் பங்குக்குத் தரவிருக்கும் தரவுகளும் வசதிகளும் ஆகியவை அதில் எழுதப்படுகின்றன. நடைமுறையில் இது இரண்டு விதமாகக் கெடுகிறது. பணியின் எல்லை மங்கலாக இருந்தால், ஒவ்வொரு நிறுவனமும் வேறொரு பணியைக் கற்பனை செய்துகொண்டு விலை சொல்கிறது. ஒப்பிட முடியாதவற்றை ஒப்பிடும் நிலை குழுவுக்கு ஏற்படுகிறது. மறுபுறம், எத்தனை கணினிகள், எத்தனை பொறியாளர்கள், எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு என்று துறையே எல்லாவற்றையும் எழுதிவிட்டால், புதிய வழி தெரிந்த நிறுவனத்துக்கு அதைச் சொல்ல இடமில்லாமல் போகிறது. போதாக்குறைக்கு, சொன்னபடி அனைத்தையும் செய்த பிறகும் பயன் கிடைக்காவிட்டால் பொறுப்பு முழுவதும் துறையின் தலையில் விழுகிறது. கருவியைக் கேட்பதா, பயனைக் கேட்பதா என்பதே இதில் உள்ள கேள்வி.

பயனைக் கேட்ட ஆவணத்துக்கு இந்தியர் பலரும் நேரில் கண்டிருக்கும் சான்று கடவுச்சீட்டுச் சேவைத் திட்டம். 2007 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை இத்திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. போட்டி முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்துடன் 2008 அக்டோபரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கணினிகளும் கட்டட வசதிகளும் பணியாளர்களும் நிறுவனத்தின் பொறுப்பு. நிறுவனத்துக்கான பணமோ, கொண்டுவந்து வைத்த கணினிக்காக அல்லாமல், நிறைவேற்றிய சேவை ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்ற கணக்கில், சேவைத்தர அளவுகளோடு பிணைக்கப்பட்டது. சேவைத்தர உடன்பாடு என்பது, காத்திருக்கும் நேரம், கணினி அமைப்பு இயங்காமல் நிற்கும் நேரம் போன்றவற்றுக்கு எல்லை குறித்து, அந்த எல்லை தாண்டப்பட்டால் தொகையைக் குறைப்பதற்கு இரு தரப்பும் ஒப்பும் ஏற்பாடு.

இத்திட்டத்தின் வரையறையில் இருந்த கூர்மையை, சேவை மையத்துக்குப் போய்வந்தவர் மூன்று முகப்புகளின் வரிசையிலேயே காணலாம். 'ஏ' முகப்பில் ஆவணங்களை வாங்கிப் பதிந்து, படமெடுத்து, கைரேகை எடுப்பவர் நிறுவனத்தின் ஊழியர். 'பி' முகப்பில் அவ்வாவணங்களைச் சரிபார்ப்பவரும் 'சி' முகப்பில் கடவுச்சீட்டு வழங்கலாமா என்று முடிவெடுப்பவரும் அரசு அலுவலர்கள். இந்தியக் குடிமகன் என்று ஒருவரை ஏற்கும் இறையாண்மைப் பணியை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டு, அதைச் சுற்றியுள்ள வேலைகளை மட்டும் வெளியே கொடுத்தது. எது கொடுக்கக்கூடியது, எது கூடாது என்ற கோடு ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு வெகுமுன்பே எழுத்தில் வரையப்பட்டது. 2010-இல் கர்நாடகத்திலும் சண்டிகர் வட்டாரத்திலும் சோதனை முறையில் தொடங்கி, 2012-இல் 77 மையங்களாக விரிந்த இத்திட்டத்தின் இரண்டாம் கட்டமும் 2022-இல் அதே நிறுவனத்துக்குக் கிடைத்தது. முதல் கட்டத்தை நடத்தியவருக்கே இரண்டாம் கட்டத்தில் இயல்பாகச் சாதக நிலை கிடைத்துவிடுகிறது என்ற கவலையும் இத்தகைய திட்டங்களில் நியாயமானதே. தரவும் நிரலும் யாருக்குச் சொந்தம், ஒப்பந்தம் முடியும்போது அவற்றை எப்படி ஒப்படைக்க வேண்டும் என்ற வெளியேற்ற ஏற்பாடு முதல் ஆவணத்திலேயே இடம்பெறாவிட்டால், இரண்டாம் போட்டி பெயரளவில்தான் போட்டியாக இருக்கும்.

பணி வரையறைக்கு அடுத்து வருவது தகுதி நிபந்தனை. மதிப்பெண் இடுவதற்கு முன், போட்டியில் யார் நிற்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் இந்த நிபந்தனைகளில்தான் ஒரு நிறுவனத்தை மனத்தில் வைத்து ஆவணம் எழுதப்படும் தீங்கு அதிகம் நிகழ்கிறது. ஆண்டு வணிக அளவை வேண்டாத உயரத்துக்கு ஏற்றுவது, குறிப்பிட்ட மாநிலத்தில் குறிப்பிட்ட ஆண்டுக்குள் செய்த பணியைக் கேட்பது, தொடர்பற்ற ஏதோ ஒரு சான்றிதழை வற்புறுத்துவது ஆகியவை வழக்கமான வழிகள். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002 டிசம்பரில் கட்டுமானப் பணிகளுக்குத் தந்த வழிகாட்டுதல் இதற்கு ஓர் அளவை நிறுவ முயன்றது: கடந்த 3 ஆண்டுகளின் சராசரி வணிக அளவு, மதிப்பிடப்பட்ட செலவில் குறைந்தது 30 விழுக்காடு; முன் அனுபவமாக, செலவில் 40 விழுக்காடு மதிப்புள்ள ஒத்த பணிகள் மூன்று, அல்லது 50 விழுக்காட்டில் இரண்டு, அல்லது 80 விழுக்காட்டில் ஒன்று. வழிகாட்டுதல் கட்டுமானத்துக்காக எழுதப்பட்டது. ஆனால் மென்பொருளுக்கும் ஆய்வுக்கும்கூட அதே எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து ஒட்டும் பழக்கம் பரவிவிட்டது. 80 விழுக்காட்டு அளவில் ஒத்த பணியைக் கேட்பது, முன்னெப்போதும் யாரும் செய்திராத புதிய பணிக்குப் பொருந்துமா என்று கேட்பார் குறைவு.

எழுதிய நிபந்தனை எழுதியவரையும் கட்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1979-இல், ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில், இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் தெளிவோடு நிலைநாட்டியது. பம்பாய் விமான நிலையத்தில் இரண்டாம் தர உணவகம் ஒன்றையும் சிற்றுண்டிக் கடைகள் இரண்டையும் நடத்துவதற்கான அறிவிப்பு, பதிவுபெற்ற இரண்டாம் தர உணவக உரிமையாளராக 5 ஆண்டு அனுபவம் உள்ளவர்களை அழைத்தது. அந்தத் தகுதி இல்லாத ஒருவருக்கே, அவர் தர முன்வந்த தொகை மிகுதி என்பதால், உரிமம் தரப்பட்டது. வழக்குத் தொடுத்தவர் விண்ணப்பித்தவர்கூட இல்லை. நிபந்தனை தளர்த்தப்படும் என்று தெரிந்திருந்தால் தாமும் போட்டியிட்டிருக்கக் கூடும் என்பதே அவருடைய வாதம். தானே விதித்த அளவுகோலிலிருந்து அரசு நிறுவனம் தன் விருப்பப்படி விலக முடியாது என்று நீதிமன்றம் கூறியது. எனினும் காலதாழ்வும் மனுதாரரின் நிலையும் காரணமாக உரிமத்தை ரத்து செய்யவில்லை. இத்தீர்ப்பின் ஆழமான பகுதி அந்த விண்ணப்பிக்காதவரின் வாதத்தில் இருக்கிறது. நிபந்தனையைப் படித்துவிட்டு ஒதுங்கிப்போனவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை. மதிப்பீட்டுக் குழு கருணையோடு ஒரு நிபந்தனையைத் தளர்த்தும்போது அநீதி இழைக்கப்படுவது அவர்களுக்குத்தான். ஆகவே கண்டிப்பாகக் கடைப்பிடிக்க மனமில்லாத நிபந்தனையை ஆவணத்தில் எழுதாமல் இருப்பதே நேர்மை.

தகுதிபெற்ற முன்மொழிவுகளை எடைபோடப் பொது நிதி விதிகள் மூன்று முறைகளைத் தருகின்றன. பணி எளியது என்றால், தொழில்நுட்பத்தில் தேறியவர்களுள் விலை குறைந்தவரைத் தேர்வது ஒரு முறை. வேறு வழியே இல்லாதபோது, காரணங்களை எழுத்தில் பதிந்து, ஒரே நிறுவனத்திடம் கேட்பது இன்னொன்று. பெரும்பாலான ஆலோசனைப் பணிகளுக்குப் பயன்படுவது தரமும் விலையும் சார்ந்த தேர்வு. இதில் தொழில்நுட்ப மதிப்பெண்ணுக்கும் விலை மதிப்பெண்ணுக்கும் முன்கூட்டியே விகிதம் குறிக்கப்படுகிறது. தரத்தின் பங்கு 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது 2017 விதிகளின் உச்சவரம்பு. 2021 அக்டோபரில் ஒன்றிய நிதியமைச்சகத்தின் செலவினத் துறை, குறிப்பிட்ட சூழல்களில் கட்டுமானப் பணிகளுக்கும் ஆலோசனை சாராத சேவைகளுக்கும் இம்முறையை அனுமதித்து, அங்கே தரத்தின் பங்கு 30 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்றது. குறைந்த விலை ஒன்றையே நம்பிய பழைய பழக்கத்தின் குறைகளை அரசே ஒப்புக்கொண்ட மாற்றம் இது.

விகிதம் என்பது வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 'அ' என்ற நிறுவனம் தொழில்நுட்பத்தில் 90 மதிப்பெண் பெற்று 150 லட்சம் ரூபாய் கேட்கிறது. 'ஆ' என்ற நிறுவனம் 78 பெற்று 100 லட்சம் கேட்கிறது. விலை மதிப்பெண்ணைக் கணக்கிட, மிகக் குறைந்த விலையை ஒவ்வொருவரின் விலையால் வகுத்து 100-ஆல் பெருக்குவது வழக்கம். அதன்படி 'ஆ'வுக்கு 100, 'அ'வுக்கு 66.67. விகிதம் 70-க்கு 30 என்றால் 'அ'வின் கூட்டு மதிப்பெண் 83, 'ஆ'வின் கூட்டு 84.6, ஒப்பந்தம் 'ஆ'வுக்கு. விகிதம் 80-க்கு 20 என்றால் 'அ' 85.33, 'ஆ' 82.4, ஒப்பந்தம் 'அ'வுக்கு. முன்மொழிவில் ஓர் எழுத்தும் மாறவில்லை. விலையில் ஒரு ரூபாயும் மாறவில்லை. ஒப்பந்தம் யாருக்கு, 50 லட்சம் ரூபாய் கூடுதலாகச் செலவாகுமா என்பதை, பல மாதங்களுக்கு முன் கோப்பில் விகிதத்தை எழுதிய பேனா தீர்மானித்துவிட்டது.

கணக்கு இன்னும் நுட்பமாகிறது. 70-க்கு 30 என்ற அதே விகிதத்தில், 'இ' என்ற மூன்றாவது நிறுவனம் தேர்ச்சி எல்லையான 70 மதிப்பெண்ணை மட்டும் தொட்டு, 60 லட்சத்துக்கு விலை சொல்கிறது என்று கொள்ளலாம். இப்போது விலை மதிப்பெண்கள் 'அ'வுக்கு 40, 'ஆ'வுக்கு 60, 'இ'க்கு 100 ஆகின்றன; கூட்டு மதிப்பெண்கள் முறையே 75, 72.6, 79. 'இ' முதலிடம் பெறுகிறது. அது பின்வாங்கினால் அடுத்த இடத்தில் நிற்பது 'அ'. ஆனால் 'இ' போட்டிக்கே வராமல் இருந்திருந்தால் வென்றிருப்பது 'ஆ'. மூன்றாமவரின் விலை மற்ற இருவருக்கிடையே உள்ள வரிசையையே புரட்டிப்போடுகிறது. நிறுவனங்கள் கைகோத்துக்கொண்டால் இந்தப் புரட்டலைத் திட்டமிட்டே செய்ய முடியும் என்பதை ஆவணம் எழுதுவோர் உணர்ந்திருக்க வேண்டும். வழக்கத்துக்கு மாறாகக் குறைந்த விலைக்கு எழுத்தில் விளக்கம் கேட்கும் அதிகாரத்தையும், ஒப்பந்தத்தை ஏற்காமல் விலகுவோரின் முன்வைப்புத் தொகை பறிமுதலாகும் என்ற நிபந்தனையையும் வெறும் வாசகங்களாகக் கருதி விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

தொழில்நுட்ப மதிப்பெண்ணின் உட்பிரிவுகளிலும் இதே எச்சரிக்கை தேவை. உலக வங்கி உதவியோடு நடக்கும் திட்டங்களின் மாதிரி ஆவணங்களில் நிறுவனத்தின் அனுபவத்துக்கு 10 வரையிலும், அணுகுமுறைக்கு 20 முதல் 50 வரையிலும், முக்கிய வல்லுநர்களுக்கு 30 முதல் 60 வரையிலும் மதிப்பெண் ஒதுக்குவது வழக்கமாக இருந்துவந்திருக்கிறது. அனுபவத்துக்கான பங்கு இவ்வளவு குறைவாக இருப்பது தற்செயலன்று: அனுபவம் தகுதி நிபந்தனையில் ஏற்கெனவே ஒருமுறை எடைபோடப்பட்டுவிட்டது, ஆய்வைச் செய்யப்போவது நிறுவனத்தின் பெயர்ப்பலகையன்று, அதன் மனிதர்கள். நம் துறைகள் பலவற்றில் இந்த விகிதம் தலைகீழாக இருக்கிறது. வணிக அளவுக்கும் பழைய பணிகளின் எண்ணிக்கைக்கும் பாதி மதிப்பெண் போய்விட, அணுகுமுறைக்கு எஞ்சியதைத் தருகிறார்கள். எண்ணிவிடக் கூடியவற்றுக்கு மதிப்பெண் தந்தால் தணிக்கையில் கேள்வி வராது என்ற அச்சமே இதன் வேர். அச்சம் நியாயமானது, ஆனால் அதற்குத் தீர்வு, அணுகுமுறைக்கான மதிப்பெண்ணைத் தெளிவான படிகளாகப் பிரித்து, எந்தப் படிக்கு என்ன இருக்க வேண்டும் என்று ஆவணத்திலேயே எழுதிவிடுவதாகும்.

ஆவணம் வெளியான பின் நிர்வாகம் தொடங்குகிறது. தமிழ்நாட்டு விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான ஒப்பந்தப்புள்ளிக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் அவகாசம் வேண்டும். இது கீழ்வரம்பு என்பது பல அலுவலகங்களில் மறந்துபோய், மேல்வரம்பாகவே நடைமுறையில் ஆகிவிட்டது. விடையை யோசித்து எழுத வேண்டிய முன்மொழிவுக்கு அக்கால அளவு போதுமானதாக இருப்பது அரிது. முன்கூட்டம் எனப்படும் பிரீ-பிட் கூட்டத்தில் நிறுவனங்கள் எழுப்பும் ஐயங்கள், அவற்றைக் கேட்டவரின் பெயர் நீக்கப்பட்டு, விடைகளோடு அனைவருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்கப்பட வேண்டும். இக்கூட்டத்தில் வரும் கேள்விகள், ஆவணத்தின் குறைகளை இலவசமாகச் சுட்டிக்காட்டும் மதிப்புரைகள் என்று கொள்ளத்தக்கவை. அவற்றுக்கு 'ஆவணத்தில் உள்ளபடி' என்று ஒற்றை வரியில் விடையெழுதுவது நிர்வாகச் சோம்பலின் அடையாளம். விடையளிக்கும்போது நிபந்தனை மாறினால் திருத்தம் வெளியிட வேண்டும். திருத்தம் பெரிதானால் கடைசி நாளையும் தள்ளிவைக்க வேண்டும்.

கெடு முடிந்த பின் வந்த முன்மொழிவு ஒரு நிமிடத் தாமதமானாலும் ஏற்கப்படுவதில்லை. மின்னணு இணையதளங்கள் வந்த பிறகு இவ்விதியைக் கணினியே காத்துக்கொள்கிறது. உறையைக் காணவில்லை, உறை முன்பே பிரிக்கப்பட்டிருந்தது என்ற பழைய புகார்களும் குறைந்துவிட்டன. தொழில்நுட்பப் பகுதி முதலில் திறக்கப்பட்டு, மதிப்பெண் இறுதியான பிறகே, தேறியவர்களின் விலைப் பகுதி திறக்கப்பட வேண்டும் என்ற வரிசையில் இம்முறையின் நம்பகத்தன்மை முழுவதும் தங்கியிருக்கிறது. விலை தெரிந்த கண்களால் தரத்தைப் பார்ப்பது மனித இயல்புக்குக் கடினம். குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் முதலில் தனித்தனியே மதிப்பெண் இட்டு, பெரிய வேறுபாடு உள்ள இடங்களில் மட்டும் காரணம் பேசி, அதைக் குறிப்பில் பதிவது நல்ல நடைமுறை. மூத்த அதிகாரி முதலில் வாய்திறந்து ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் மற்றவர்களின் எண்கள் அதைச் சுற்றியே வட்டமிடும் என்பதைக் குழுக்களில் இருந்தவர்கள் அறிவார்கள்.

ஒரே ஒரு முன்மொழிவு மட்டும் வந்தால் என்ன செய்வது என்பது அடிக்கடி எழும் கேள்வி. உடனே ரத்து செய்து மறுமுறை அழைப்பது பாதுகாப்பு என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. அறிவிப்பு முறையாக வெளியானதா, நிபந்தனைகள் போட்டியைச் சுருக்கினவா, விலை நியாயமானதா என்ற மூன்றையும் ஆராய்ந்து, திருப்தியானால் ஏற்கலாம் என்பதே ஒன்றிய அரசின் 2021 அறிவுரையின் நிலை. மறு அழைப்புக்கும் செலவு உண்டு. தள்ளிப்போகும் வடிகால் ஆய்வுக்கு இன்னொரு மழைக்காலம் விலையாகலாம்.

முடிவு எடுக்கப்பட்டதும் வழக்கு வருகிறது. நீதிமன்றங்கள் இதில் எவ்வளவு தலையிடலாம் என்பதற்கு 1994-ஆம் ஆண்டு டாட்டா செல்லுலார் தீர்ப்பு எல்லை வகுத்தது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் கைபேசிச் சேவை உரிமம் வழங்கப்பட்டது தொடர்பான அவ்வழக்கில், நீதிமன்றம் தன்னை மேல்முறையீட்டு அதிகாரியாக ஆக்கிக்கொள்ளாது, முடிவு எட்டப்பட்ட முறையையே ஆராயும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அறிவிக்கப்படாத மறைமுக அளவுகோல்கள் பயன்பட்டனவா என்பதும் அங்கே எழுந்த கேள்விகளுள் ஒன்று. முறையை மட்டுமே ஆராயும் நீதிமன்றத்தின் முன் துறைக்கு இருக்கும் ஒரே சாட்சி அதன் கோப்பு. மதிப்பெண் குறைந்ததற்கான காரணம் அன்றே எழுதப்பட்டிருந்தால் அது காரணம்; வழக்கு வந்தபின் பதில் மனுவில் முதன்முறையாகத் தோன்றினால், அது எவ்வளவு உண்மையானாலும், சாக்காகவே தெரியும். தமிழ்நாட்டுச் சட்டம் பாதிக்கப்பட்டவருக்கு ஆணை கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்ய வழிவிடுகிறது. உலக வங்கி 2016-இல் நடைமுறைப்படுத்திய கொள்முதல் ஒழுங்குமுறைகள், தேர்வு முடிவை அறிவித்ததற்கும் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கும் இடையே குறைந்தது 10 வேலை நாள் இடைவெளி விட்டு, தோற்றவர் கேட்டால் அவர் தோற்றதன் காரணத்தை விளக்கவும் சொல்கின்றன. அப்படி விளக்கம் பெற்றவர்களுள் பலர் வழக்குக்குப் போவதில்லை. அடுத்த போட்டிக்கு மேம்பட்ட முன்மொழிவோடு வருகிறார்கள்.

ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு முன்மொழிவுக் கோரிக்கை அலமாரிக்குப் போய்விடுகிறது என்பது பரவலான எண்ணம். உண்மையில் அதன் கடினமான சோதனை அங்கிருந்துதான் தொடங்குகிறது. முன்மொழிவில் பெயர் கொடுக்கப்பட்ட நீரியல் வல்லுநருக்காகவே நிறுவனம் முழு மதிப்பெண் பெற்றிருக்கும். பணி தொடங்கும் நாளில் அவருக்குப் பதிலாகப் பட்டப்படிப்பு முடித்து ஈராண்டான இளைஞர் வந்து நிற்பார். மாற்று வல்லுநர் சமமான அல்லது மேலான தகுதியுடையவராக இருக்க வேண்டும், துறையின் எழுத்து ஒப்புதல் வேண்டும், தவிர்க்க முடியாத காரணமின்றி மாற்றினால் கட்டணத்தில் இவ்வளவு குறையும் என்ற வாசகங்கள் வரைவு ஒப்பந்தத்தில் இருந்தால்தான் அந்த நாளில் துறைக்குப் பேச வாய் இருக்கும். அதேபோல் தவணைகளும்: தொடக்க அறிக்கைக்கு 10 விழுக்காடு, இடைக்கால அறிக்கைக்கு 30 விழுக்காடு என்று பணத்தை அறிக்கைகளோடு பிணைப்பது சரியே, ஆனால் அறிக்கையை யார், எத்தனை நாளுக்குள், எந்த அளவுகோலில் ஏற்பது அல்லது திருப்புவது என்று எழுதாவிட்டால், அது துறையின் மேசையில் மாதக்கணக்கில் கிடக்க, நிறுவனத்தின் வல்லுநர்கள் வேறு பணிக்குக் கலைந்துபோவார்கள். பொது நிதி விதிகள் முன்மொழிவுக் கோரிக்கையிலேயே இடைக்கால ஆய்வு முறையைக் கேட்பதன் காரணம் இதுதான். அந்த ஆய்வை நடத்தக்கூடிய, பணி வரையறையை எழுதியபோது உடனிருந்த அலுவலர் ஒருவர் பணி முடியும்வரை அதே இருக்கையில் இருப்பதற்கு மட்டும் எந்த விதியும் இதுவரை வகை செய்யவில்லை.